ஆழப் பனியில் நடக்க எதை மாட்டுவது? ஸ்பைக், ஸ்னோஷூ, ஸ்கீ: ஓர் ஒப்பீடு

சியாட்டில் பக்கம் குடிவந்து ஓராண்டு ஆனவர்கள் நவம்பர் பிறந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கோடை முழுக்க மலைப்பாதைகளில் நடந்து பழகிவிட்டோம். இப்போது மேலே எல்லாம் பனி. ஸ்னோஷூ வாங்கட்டுமா, இல்லை ஸ்கீ கற்றுக்கொள்ளட்டுமா? பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற சங்கிலியே போதும் என்று ஆபீஸில் ஒருத்தர் சொல்கிறாரே?" கேட்கும்போதே அவர் போனில் கடைப் பக்கம் திறந்திருக்கும். நாலு ஜோடி தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். பணம் கட்டுவதுதான் பாக்கி.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் குளிர்காலத்தில் அந்தச் சங்கிலியை, அதாவது ஸ்பைக்கை மட்டும் நம்பி, ரெய்னியர் மலையின் பாரடைஸ் பகுதியில் போய் இறங்கினேன். பார்க்கிங்கிலிருந்து நூறு அடி தாண்டுவதற்குள் தொடைவரை புதைந்தாயிற்று. வலது காலை இழுத்தால் இடது கால் இன்னும் கீழே போகிறது. நடவு வயலில் இறங்கியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். சேற்றில் மாட்டிய காலை அவசரப்பட்டு இழுத்தால் மற்றக் காலும் போகும். நான் அங்கே முட்டி போட்டு எழுந்துகொண்டிருந்தபோது ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி பூட்ஸுக்கு அடியில் கட்டிய அகலப் பலகையில், ஊதா நிற ஸ்னோஷூவில், டப் டப்பென்று பக்கத்தில் கடந்து போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து ஸ்னோஷூ வாங்கியிருந்தால் அதுவும் அவசரம்தான். ஸ்பைக், ஸ்னோஷூ, தடத்தில் போகும் கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ, மலையேறி இறங்கும் டூரிங் ஸ்கீ என்ற நாலு வழிகளில் எது எவருக்கு என்பது பனியைப் பொறுத்தது, கூட வருகிறவர்களைப் பொறுத்தது. கடைக்காரர் இரண்டையும் கேட்க மாட்டார்.

## முதலில் இந்த ஊர்ப் பனி

தமிழில் நமக்குப் பனி என்றால் மார்கழிப் புல்லில் நிற்பதும் பனிதான், இமயத்தில் கிடப்பதும் பனிதான். கேஸ்கேட் மலைத்தொடரில் அப்படி ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம், வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். உட்டா, கொலராடோ பக்கம் விழும் பனி ஊதினால் பறக்கும். இங்கே விழுவதை அள்ளி அழுத்தினால் கையில் தண்ணீர் சொட்டும். உள்ளூர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "கேஸ்கேட் கான்கிரீட்".

அளவும் கொஞ்சமல்ல. 1,646 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாரடைஸில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாகப் பதினாறு மீட்டர் அளவுக்குப் பனி பெய்கிறது. 1971-72இல் 28.5 மீட்டர் பெய்தது, அப்போது அது உலகச் சாதனை. அந்தச் சாதனையை முறியடித்ததும் இதே வாஷிங்டன் மாநிலம்தான்: 1998-99இல் பேக்கர் மலையின் ஸ்கீ பகுதியில் ஏறக்குறைய 29 மீட்டர். அவ்வளவும் அப்படியே நிற்காது, அமுங்கி இறுகிவிடும். ஆனாலும் மார்ச் மாதத்தில் பாரடைஸில் வழிகாட்டிப் பலகைகளைத் தேடினால் அவை உங்கள் காலுக்குக் கீழே எங்கோ இருக்கும்.

இன்னொன்று, இங்கே ஒரே வாரத்தில் பனியும் மழையும் மாறி மாறி வரும். ஹவாய் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்தால் ஜனவரியில்கூட மலைமேல் மழை கொட்டும். அடுத்த நாள் குளிர்ந்தால் அத்தனையும் கண்ணாடி. போன சனிக்கிழமை மிதப்பு தேவைப்பட்ட அதே பாதையில் இந்தச் சனிக்கிழமை பிடிப்புதான் தேவைப்படும்.

## எதை வைத்து எடைபோடுவது

என் கணக்கில் ஆறு கேள்விகள்.

1. மிதப்பு: புதுப்பனியில் எவ்வளவு புதைவீர்கள்?
2. பிடிப்பு: இறுகிய பனியிலும் ஏற்றத்திலும் வழுக்காமல் நிற்குமா?
3. கற்கும் காலம்: அரை மணியா, ஒரு நாளா, இரண்டு குளிர்காலமா?
4. காசு: சாமானின் விலை, அப்புறம் சாமான் இழுத்துவரும் விலை.
5. இறக்கம்: ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கேட்கிறார்கள். களைத்த காலோடு இறங்குவதுதான் பாதி நாள்.
6. கூட்டம்: குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, முழங்கால் வலிக்காரர்கள்.

ஏழாவதாகப் பனிச்சரிவு இருக்கிறது. அதைப் பட்டியலில் ஒரு வரியாகப் போட எனக்கு மனமில்லை. கீழே தனியாகச் சொல்கிறேன்.

## வெறும் பூட்ஸ், அடியில் ஸ்பைக்

ரப்பர் வளையத்தில் கோத்த சங்கிலியும் சிறு எஃகுப் பற்களும். பூட்ஸ் மேல் இழுத்து மாட்டினால் முடிந்தது. ஐம்பதிலிருந்து எண்பது டாலருக்குள் கிடைக்கும், ஜாக்கெட் பையில் அடங்கும், கற்க எதுவும் இல்லை.

மிதப்பு துளியும் கிடையாது. ஆனால் சியாட்டிலைச் சுற்றியுள்ள குளிர்கால நடைகளில் பாதிக்குமேல் மிதப்பு தேவைப்படாதவை. ராட்டில்ஸ்னேக் லெட்ஜ், மவுண்ட் சை போன்ற தாழ்ந்த மலைகளில் கூட்டம் நடந்து நடந்து பாதையைச் சிமென்ட் தரை மாதிரி ஆக்கியிருக்கும். அங்கே ஸ்னோஷூவோடு போகிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்: பலகைச் செருப்போடு தார்ச்சாலையில் நடப்பதுபோல.

மறைந்திருக்கும் செலவு பாதை ஓரத்தில் இருக்கிறது. எதிரே ஆள் வருகிறார், ஒதுங்குகிறீர்கள், இடுப்பளவு போய்விடுகிறீர்கள். மதியத்துக்குமேல் வெயில் பட்டுப் பனி இளகினால் காலையில் தாங்கிய பாதையே உள்வாங்கத் தொடங்கும். அப்படி விழுந்த குழிகள் இரவில் உறைந்து, மறுநாள் வருகிறவர் கணுக்காலைத் திருகும். ஈரப்பனி பற்களுக்கு நடுவே உருண்டையாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. பத்தடிக்கு ஒருமுறை குச்சியால் தட்டிவிட்டு நடக்க வேண்டியிருக்கும்.

இது யாருக்கு: தாழ்ந்த, கூட்டமுள்ள பாதைகளுக்குப் போகிறவர்களுக்கு. முதல் குளிர்காலத்தில் காசு கொடுத்து வாங்கலாம் என்று நான் துணிந்து சொல்லும் ஒரே பொருள் இதுதான். வீட்டு வாசலில் ஐஸ் பிடித்த காலையில் குப்பைத் தொட்டியை இழுத்துப் போகவும் உதவும்.

## ஸ்னோஷூ

நாற்று நடுமுன் பரம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடு இழுக்கும் பலகையின் மேல் ஓர் ஆள் ஏறி நிற்பார். அதே சேற்றில் இறங்கினால் முழங்கால்வரை போகிறவர், பலகையில் நிற்கும்போது போவதில்லை. ஸ்னோஷூவின் சூத்திரம் அவ்வளவுதான். சாதாரண பூட்ஸின் அடிப்பரப்பு ஏறக்குறைய முந்நூறு சதுர சென்டிமீட்டர். இருபத்திரண்டு அங்குல நீளமும் எட்டு அங்குல அகலமும் உள்ள ஸ்னோஷூவின் பரப்பு ஆயிரத்து நூறைத் தாண்டும். அதே எடை நாலில் ஒரு பங்கு அழுத்தமாக இறங்குகிறது.

நாலில் ஒரு பங்கு, பூஜ்யம் அல்ல. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நேற்று இரவு பெய்த புதுப்பனியில் ஸ்னோஷூவோடும் ஒரு சாண், சில நேரம் முழங்கால் பாதிவரை புதைவீர்கள். முன்னால் போகிறவர் ஒவ்வோர் அடிக்கும் காலை உயர்த்தி, பனியை மிதித்து, எடையை மாற்றி, அடுத்த காலை உயர்த்த வேண்டும். பின்னால் வருகிறவருக்குப் பாதி வேலைதான். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் பின்னால் போவது வழக்கம். கோடையில் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடந்தவர் அன்று ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் அது நல்ல நடை. டிசம்பரில் சியாட்டிலில் சூரியன் மறைவது மாலை 4:20 வாக்கில். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்துத் தூரத்தை முடிவுசெய்யுங்கள்.

கற்கும் காலம் பத்து நிமிடம். கால்களைச் சற்று அகட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றன் விளிம்பை மற்றது மிதித்து முகம் குப்புற விழுவீர்கள். பின்னோக்கி நடக்கவே கூடாது. வால் பனியில் குத்தி நிற்கும், நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். போட்டோ எடுக்கிறவர்கள் "இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க" என்று சொல்வதால் விழுந்த குடும்பத் தலைவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்றத்தில் நன்றாகவே பிடிக்கும். முன்பாதத்துக்கு அடியில் உலோகப் பற்கள் இருக்கும். நல்ல வகைகளில் குதிகாலுக்குக் கீழே ஒரு கம்பி மடித்து வைத்திருப்பார்கள். செங்குத்தான ஏற்றத்தில் அதைத் தூக்கிவிட்டால் குதிகால் உயர்ந்து நின்று கெண்டைக்காலின் வலி பாதி குறையும். மலைச்சரிவைக் குறுக்காகக் கடப்பதுதான் இதன் பலவீனம். பலகை சரிவோடு சாயும், கணுக்கால் எதிர்ப்பக்கம் திருகும். இறக்கத்தில் முழங்காலை மடித்து எடையைப் பின்னால் போட்டுக் குதிகாலை ஊன்றி வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றம் சிரமமில்லை, இறக்கம் தொந்தரவு.

### எந்த ஸ்னோஷூ?

அளவு உங்கள் எடையைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து அல்ல. அந்த எடையில் பையும் தண்ணீரும் ஈர ஜாக்கெட்டும் சேர்த்தி. பையோடு எண்பது கிலோவுக்குள் என்றால் இருபத்திரண்டு அங்குலம் போதும். அதற்குமேல் இருபத்தைந்து, மிகக் கனமானவர்களுக்கு முப்பது. பெரிதாக வாங்கினால் இன்னும் மிதக்கலாமே என்று தோன்றும். கூடுதல் நீளம் ஒவ்வோர் அடியிலும் தூக்க வேண்டிய எடை. நம்மில் பலருக்குச் சிறியதே சரியாக வரும். சில வகைகளில் பின்னால் மாட்டிக்கொள்ளும் ஐந்தாறு அங்குல வால் தனியாகக் கிடைக்கிறது. ஆழப் பனி விழுந்த நாளில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

அமைப்பில் மூன்று வகை பார்க்கலாம். அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் துணி கட்டியது: சமதளத்துக்கு வசதி, சரிவில் விளிம்பு வழுக்கும். ஒரே வார்ப்பாக வந்த பிளாஸ்டிக் பலகை: விலை குறைவு, அடி தாங்கும், நடக்கும்போது கொஞ்சம் சத்தம். பட்டைச் சட்டத்தின் விளிம்பு முழுவதும் பற்கள் கொண்டது: செங்குத்துச் சரிவுக்கு, விலை முந்நூறு டாலருக்குமேல். மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய பழைய வகை வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைவண்ணம். இப்போது மலையைவிட உணவகச் சுவர்களில்தான் அதிகம் தென்படுகிறது. 1969இல் சியாட்டிலில் தொடங்கிய எம்.எஸ்.ஆர். நிறுவனம் பிளாஸ்டிக் பலகை வகைக்குப் பேர்போனது. உள்ளூர்ச் சரக்கு என்பதால் இங்கே எந்தப் பார்க்கிங்கிலும் பத்துக்கு ஐந்து ஜோடி அதுதான்.

பலகையைவிட, பூட்ஸைக் கட்டும் பட்டையைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். கடையில், வெதுவெதுப்பான அறையில், வெறுங்கையால் மாட்டிப் பார்த்தால் எல்லாமே சுலபம். பாரடைஸ் பார்க்கிங்கில் காற்று ஈரப்பனியை முகத்தில் அறையும்போது, கையுறையோடு, குனிந்து, பனி அப்பிய துளையில் ஊசிமுனை நுழைப்பது வேறு. ராட்செட் வகை பல்சக்கரத்தில் பனி இறுகிவிட்டால் அசையாது. எளிய ரப்பர் பட்டை பழசாகத் தெரியும், ஆனால் உறைந்தாலும் கையால் தட்டி இழுத்துவிடலாம். கடைக்குக் கையுறையைக் கொண்டுபோய் அதைப் போட்டுக்கொண்டே மாட்டிப் பாருங்கள். விற்பனையாளர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

### வாடகையா, சொந்தமா?

வாடகை நாளுக்குச் சுமார் இருபது முதல் முப்பது டாலர். சொந்தமாக வாங்கினால் நூற்றைம்பது முதல் முந்நூற்றைம்பதுவரை. விலை குறைந்த ஜோடியென்றால் ஐந்தாறு முறை போனால் வாங்கியது லாபம் என்று கணக்கு சொல்லும். ஆனால் முதல் ஆண்டு ஐந்து முறை போவோம் என்று நினைத்தவர்களில் பலர் இரண்டோடு நிறுத்திக்கொள்வதைத்தான் கண்டிருக்கிறேன். முதல் மூன்று முறை வாடகைக்கு எடுங்கள். வாரக்கடைசிக்கு வெள்ளி மாலையே எடுத்து வைக்க வேண்டும், சனி காலை போனால் குழந்தைகள் அளவு இருக்காது.

எடுக்கும்போது ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பாருங்கள். நான் முதல்முறை எடுத்த ஜோடியில் ஒரு பட்டை பாதி விண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டாவது மைலில் அறுந்தது. பையில் கிடந்த நைலான் கயிற்றால் கட்டி, நூறடிக்கு ஒருமுறை இறுக்கி, இருட்டுகிற நேரத்தில் வண்டிக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து இரண்டு முழம் கயிறும் நாலு ஜிப் டையும் என் பையை விட்டு இறங்கியதில்லை.

இது யாருக்கு: பலதரப்பட்ட ஆட்கள் சேர்ந்த கூட்டத்துக்கு. எண்பது டாலர் ஸ்பைக்கும் வேண்டாம், இரண்டாயிரம் டாலர் ஸ்கீயும் வேண்டாம், ஆழப் பனியில் ஒரு நாள் நடக்க வேண்டும் என்பவருக்கு வேறு வழியே இல்லை. அறுபத்தெட்டு வயதில் முதல்முறை பனியைப் பார்த்த என் மாமனார் இதை மாட்டிக்கொண்டு பாரடைஸில் நிஸ்குவாலி விஸ்டா சுற்றுப்பாதையை முழுவதுமாக நடந்தார். இரண்டு கிலோமீட்டர்தான், இரண்டு மணிநேரம் ஆனது, பாதி நேரம் ஊருக்கு வீடியோ கால்.

## கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ

மெல்லிய நீளப் பலகை, குதிகால் கட்டப்படாத பூட்ஸ், எந்திரம் வைத்துச் சீர்செய்த தடம். அந்தத் தடத்தில் சறுக்கிப் போவது அலாதி சுகம். சரியாக வந்துவிட்டால் ஸ்னோஷூக்காரர் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நீங்கள் நாலு போய்விடுவீர்கள். ஆனால் தடம் இருக்கும் இடத்தில்தான் போகலாம். ஆழப் பனியில் நடப்பது என்ற கேள்விக்கு இது நேரடி விடையல்ல. பட்டியலில் வைத்திருப்பதற்குக் காரணம், ஸ்னோஷூ வாங்க நினைக்கும் பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்: மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளியில் ஒழுங்கான உடற்பயிற்சி.

ஒரு பாடம் எடுத்துக்கொண்டால் ஒரே நாளில் தட்டுத்தடுமாறிப் போகலாம். சின்ன இறக்கத்தில்கூட நிற்கத் தெரியாமல் விழுவது முதல் வாரம் முழுவதும் நடக்கும். ஸ்னோக்வால்மி கணவாயை ஒட்டியே தடங்கள் உண்டு. நிஜமான சொர்க்கம் மெத்தோ பள்ளத்தாக்கு, இருநூறு கிலோமீட்டருக்கு நெருக்கமாகத் தடம் இருக்கிறது. செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது: கோடையில் அங்கே போகும் நார்த் கேஸ்கேட்ஸ் நெடுஞ்சாலையைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். சுற்றித்தான் போக வேண்டும், இரவு தங்கத்தான் வேண்டும், அறை வாடகை ஸ்கீ வாடகையைத் தின்றுவிடும்.

ஸ்னோஷூக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சீர்செய்த அந்த இரட்டைக் கோட்டின் மேல் நடக்காதீர்கள். கோலத்தை மிதிப்பது மாதிரிதான் அது. அவர்களும் அப்படியே பார்ப்பார்கள்.

## டூரிங் ஸ்கீ

ஏறும்போது குதிகால் விடுபட்டு இருக்கும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளலாம். பலகைக்கு அடியில் "ஸ்கின்" என்ற பட்டையை ஒட்டி ஏறுவார்கள். முன்காலத்தில் சீல் தோல், இப்போது ஆட்டுமயிரும் நைலானும். பூனை முதுகைத் தடவுவதுபோல: முன்பக்கமாகத் தள்ளினால் வழுக்கும், பின்பக்கம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். உச்சியில் அதைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். நூற்றெழுபது சென்டிமீட்டர் பலகையின் பரப்பு ஸ்னோஷூவைவிட ஒன்றரை மடங்கு. மிதப்பில் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

இறக்கத்தைக் கேட்கவே வேண்டாம். நாங்கள் ஸ்னோஷூவில் ஒன்றரை மணிநேரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிய சரிவில், எங்களோடு ஏறிய இருவர் பத்து நிமிடத்தில் வளைந்து வளைந்து போய், கீழே சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றெரிச்சல் வந்தது உண்மை.

விலையைப் பார்த்ததும் அது அடங்கும். பூட்ஸ் மட்டுமே ஐந்நூறுக்குமேல். எல்லாம் சேர்த்துப் புதிதாக வாங்கினால் ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு டாலர். அதற்கு முன்னால் லிஃப்ட் உள்ள ஸ்கீ மையத்தில் சாதாரண ஸ்கீ பழகியிருக்க வேண்டும். அதற்கே ஓரிரு குளிர்காலமும் ஒவ்வொரு நாளுக்கும் லிஃப்ட் கட்டணமும். அப்புறம் மரங்களை ஒட்டிய குழிகள்: கிளை மறைப்பதால் அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் பொக்காக இருக்கும். வேகமாக வந்து தலைகுப்புற விழுந்தால் மூச்சுமுட்டிவிடும். ஸ்னோஷூக்காரரும் கிளைக்கடியில் போகக் கூடாதுதான், ஆனால் அவர் காலோடு விழுவார்.

இது யாருக்கு: ஏற்கெனவே ஸ்கீ தெரிந்தவர்களுக்கு, குளிர்காலத்தில் பதினைந்து நாளாவது போகிறவர்களுக்கு. முப்பது வயதுக்குமேல் முதல்முறை பனியைத் தொட்டவர் நேராக இதில் குதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | ஸ்பைக் | ஸ்னோஷூ | கிராஸ்-கன்ட்ரி | டூரிங் ஸ்கீ |
|---|---|---|---|---|
| ஆழப் பனியில் மிதப்பு | இல்லை | நன்று | தடத்தில் மட்டும் | மிக நன்று |
| ஐஸில் பிடிப்பு | மிக நன்று | நன்று | மோசம் | சுமார் |
| கற்க | தேவையில்லை | பத்து நிமிடம் | ஒரு நாள், ஒரு பாடம் | ஓரிரு குளிர்காலம் |
| புதிதாக வாங்க (சுமார் டாலரில்) | 50–80 | 150–350 | 400–600 | 1,500–2,500 |
| இறக்கம் | எளிது | மெதுவு, முழங்கால் வலி | பழகும்வரை பயம் | இதற்காகத்தான் ஏறுவதே |
| வயதானவர், குழந்தை | சரி | சரி | குழந்தை சரி | வேண்டாம் |

## காலுக்கு வெளியே இருக்கும் செலவு

எதைத் தேர்ந்தாலும் காருக்கு ஒரு செலவு உண்டு. ரெய்னியர் தேசியப் பூங்காவில் நவம்பர் 1 முதல் மே 1 வரை எல்லா வண்டிகளும் டயர் செயின் வைத்திருக்க வேண்டும். நாலு சக்கர இழுவை இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. செயின் நூறு டாலர் பக்கம். பூங்காவுக்குள் கீழே இருக்கும் லாங்மயரிலிருந்து பாரடைஸ் போகும் சாலையின் கேட்டை இரவில் பூட்டி, பனியை அகற்றிய பிறகே திறப்பார்கள். எந்தெந்த நாள் திறப்பார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, அதனால் கிளம்பும் காலையில் சாலை நிலவரம் பார்க்காமல் இட்லிப் பொட்டலம் கட்டாதீர்கள். கணவாய்களை ஒட்டிய பல பார்க்கிங்குகளுக்கு மாநிலத்தின் ஸ்னோ-பார்க் அனுமதிச் சீட்டு தனியாக வாங்க வேண்டும்.

உடம்புக்கு: தண்ணீர் புகாத பூட்ஸ், பனி உள்ளே விழாமல் கணுக்காலுக்குமேல் கட்டும் கெய்ட்டர், வட்டத் தட்டு மாட்டிய ஊன்றுகோல்கள், இரண்டு ஜோடி கையுறை. பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் வேண்டாம். ஈரப்பனி ஊரில் பருத்தி நனைந்தால் காயாது, சூட்டை உறிஞ்சிவிடும். ஸ்னோஷூவுக்கு நூற்றைம்பது கொடுத்தவர் இவற்றுக்கு இருநூறு கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

## பனிச்சரிவு

ஸ்னோஷூவின் உண்மையான ஆபத்து, அது சுலபமாக இருப்பதுதான். டூரிங் ஸ்கீக்காரர் மலைக்குப் போகும் நிலைக்கு வருவதற்குள் வகுப்பு, நண்பர்கள், விபத்துக் கதைகள் எல்லாம் காதில் விழுந்துவிடும். ஸ்னோஷூக்காரர் சனி காலை வாடகைக்கு எடுத்து, சனி மதியம் அதே சரிவுக்குக் கீழே நின்றுகொண்டிருப்பார், பனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல்.

சரியும் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள் இருப்பவை. வீட்டு மாடிப்படியின் சாய்வை நினைத்துக்கொள்ளுங்கள்; அங்கிருந்து ஆரம்பம். நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருப்பது போதாது, தலைக்குமேல் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கோடையில் குழந்தைகளோடு போய்வந்த ஸ்னோ லேக் பாதை குளிர்காலத்தில் பனிச்சரிவுத் தடங்களைக் குறுக்கே வெட்டிப் போகிறது. பாரடைஸில் நிஸ்குவாலி விஸ்டா பக்கம் திரும்புவதும், பனோரமா பாயின்ட்டை நோக்கி ஏறுவதும் ஒரே பார்க்கிங்கில் தொடங்கும் இரு வேறு உலகங்கள்.

புதுப்பனி நிறைய விழுந்து, உடனே சூடு ஏறி மழை பெய்தால் அன்று மலை ஆட்டம் காணும். 1910 பிப்ரவரிக் கடைசியில் ஸ்டீவன்ஸ் கணவாய்க்கு அருகே வெலிங்டன் நிலையத்தில் இரண்டு ரயில்கள் பனியில் மாட்டி நாட்கணக்கில் நின்றன. பனி மழையாக மாறியது. மார்ச் 1ஆம் தேதி பின்னிரவில் மேலிருந்த சரிவு கழன்று இரண்டையும் பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் இன்றுவரை அதைவிட அதிக உயிர் குடித்த பனிச்சரிவு கிடையாது. அந்தப் பழைய ரயில் தடம் இப்போது அயர்ன் கோட் என்ற நடைபாதை. கோடையில் போய்ப் பாருங்கள்.

குளிர்காலத்தில் நார்த்வெஸ்ட் அவலாஞ்ச் சென்டர் தினமும் பகுதிவாரியாக ஆபத்து நிலையை வெளியிடுகிறது, ஒன்று முதல் ஐந்து வரை. நாலு, ஐந்து என்றால் எல்லாரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், "நடுவில்தானே" என்று. சரிவுள்ள இடத்துக்குப் போவதானால் ஆளுக்கு ஒரு பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோக் கருவி), ஒரு மண்வாரி, ஒரு துழாவுகோல் வேண்டும். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய நானூறு டாலர். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு. அந்த நேரத்துக்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது, கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். அதனால் சாமானோடு மூன்று நாள் வகுப்பும் சேர்த்தி. இந்தச் செலவைச் செய்ய மனமில்லை என்றால் தட்டையான இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதில் ஒரு குறைவும் இல்லை.

## சரி, எதை எடுப்பது?

முதல் குளிர்காலம், எவ்வளவு போவோம் என்று தெரியாது: ஸ்பைக் சொந்தம், ஸ்னோஷூ வாடகை.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள், ஒரு நாள் பனியைக் காட்ட வேண்டும்: ஸ்னோஷூ வாடகை, தட்டையான சுற்றுப்பாதை, பிளாஸ்க்கில் காப்பி. சில குளிர்காலங்களில் பாரடைஸில் ரேஞ்சர்களே ஸ்னோஷூ நடை கூட்டிப் போவார்கள். அந்த ஆண்டு இருக்கிறதா என்று பூங்காவில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாரம் தவறாமல் ஓடுகிறவர், முழங்கால் நன்றாக இருக்கிறது, தனியாகப் போக விருப்பம்: கிராஸ்-கன்ட்ரி.

ஸ்கீ தெரியும், லிஃப்ட் வரிசை அலுத்துவிட்டது: முதலில் பனிச்சரிவு வகுப்பு, பிறகு டூரிங் ஸ்கீ. இந்த வரிசை மாறக் கூடாது.

நாலைந்து வயதுக் குழந்தை: எதுவும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் சறுக்குத் தட்டு வாங்கி, அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஸ்னோஷூவை மாட்டிவிட்டால் இருபது நிமிடத்தில் அதைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தன்னைத் தூக்கச் சொல்லும். இரண்டையும் சுமந்து வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கராஜில் இப்போது தொங்குவது மூன்று ஜோடி ஸ்பைக், இரண்டு ஜோடி இருபத்திரண்டு அங்குல ஸ்னோஷூ, இரவல் போய் இன்னும் திரும்பாத ஒரு ஜோடி வால். ஸ்கீ பூட்ஸ் வாங்கவில்லை. ஜனவரி வகுப்புக்கு மட்டும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.